ஆன்றோ போகாத ஊர்

ஜூன் 11

மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் வேதநாயகி மேடம் மதுரையிலிருந்து போன் செய்தார். வெளிநாட்டுப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் பெற்றோர் அவ்வப்போது நாலு வரி எழுதி வைப்பது நல்லதாம். பிள்ளை என்ன சாப்பிட்டான், யாரோடு பேசினான், முகம் வாடியிருந்ததா என்று. யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. "உங்களுக்கே பிற்பாடு உபயோகப்படும் சார்" என்றார். மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி ஒன்று ஜனவரியிலிருந்து என் மருந்துக் கடையில் சும்மா கிடந்தது. அதில்தான் எழுதுகிறேன்.

ஏற்பாடு இதுதான். நார்வேயிலிருந்து ஒரு பையன் வந்து டிசம்பர் வரை நாகர்கோவிலில் எங்கள் வீட்டில் தங்குவான். என் மகன் ஆன்றோவின் பள்ளியில், அவனுடைய ப்ளஸ் ஒன் வகுப்பிலேயே படிப்பான். ஜனவரியில் ஆன்றோ அந்தப் பையனின் வீட்டுக்குப் போய் ஆறு மாதம் இருந்து அங்கே படிப்பான். விட்டுப்போகும் பாடங்களைத் திரும்பி வந்து எழுதிக்கொள்ளலாம் என்று தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டார். நேர்காணலுக்குப் போன பிள்ளைகளில் எங்கள் பள்ளியிலிருந்து தேறியது ஆன்றோ மட்டும்தான்.

மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் என் மனைவி ஸ்டெல்லா செய்தியைக் கேட்டு போனிலேயே அழுதாள். சந்தோஷத்தில்தான். நானும் சந்தோஷப்பட்டேன். மெடிக்கலுக்கு வந்தவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 15

பையனைத் திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்தோம். பெயர் ஈவார். தமிழில் அதற்குக் கொடுப்பவர் என்று பொருள் வரும் என்று ஆன்றோ வழியெல்லாம் அவனுக்கு விளக்கிக்கொண்டே வந்தான். களியக்காவிளை தாண்டுவதற்குள் இரண்டு பேரும் பழைய கூட்டாளிகள் மாதிரி ஆகிவிட்டார்கள். என் மகன் இவ்வளவு பேசுவான் என்று எனக்குத் தெரியாது. என்னோடு சாப்பிடும்போது குழம்பு வேண்டுமா வேண்டாமா என்பதற்கு மேல் பேச்சு வளர்ந்ததில்லை.

பையன் நல்ல உயரம். வந்ததும் அடுக்களை நிலையில் தலையை இடித்துக்கொண்டான். சமையலுக்கு வரும் லீலாக்கா பதறி, உறைய வைத்த மீன் பொட்டலத்தை எடுத்து அவன் நெற்றியில் வைத்தார்.

ஜூன் 17

மூன்று நாளாக மட்டி வாழைப்பழம் மட்டும்தான் சாப்பிடுகிறான்.

ஜூன் 22

இன்று லீலாக்கா நெத்திலிக் கருவாடு வறுத்தார். வாசம் வெளியே போகாமல் இருக்க அடுக்களைக் கதவைச் சாத்தினேன். பையன் மாடியிலிருந்து இறங்கி வந்து அந்தக் கதவின் முன்னால் நின்றான். கண் கலங்கியிருந்தது. நான் ஏதோ அலர்ஜி என்று நினைத்து மாத்திரை எடுக்கப் போனேன். ஆன்றோ தடுத்தான்.

"அப்பா, அவங்க ஊர்லயும் மீனக் காய வைப்பாங்களாம். வாசல்ல எறங்குனா இதே வாசம்தானாம். அவனுக்கு வீட்டு ஞாபகம் வந்துட்டு."

இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான். லீலாக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "வெள்ளக்காரப் பிள்ளைன்னு பயந்துல்லா கெடந்தேன் தம்பி. நம்ம கடப்புறத்துப் பிள்ளையாட்டம் இருக்கானே" என்றார்.

ஜூலை 13

ஈவாரின் வீட்டாரோடு வீடியோ காலில் பேசினோம். அப்பா படகு எஞ்சின் பழுது பார்க்கிறார். அம்மா மாரித், சிறு பிள்ளைகளுக்கு ஆசிரியை. வடகோடியில் கடலை ஒட்டிய சின்ன ஊர். ஜூலையில் அங்கே சூரியன் மறைவதே இல்லை. டிசம்பரிலிருந்து ஜனவரி பாதி வரை உதிப்பதே இல்லை. ஆன்றோ போய் இறங்கும்போது இருட்டாகத்தான் இருக்கும், இரண்டு வாரம் கழித்து சூரியன் முதல்முதலாக மலைக்கு மேலே எட்டிப் பார்க்கும், அன்று பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டு ஊரே வெளியே வந்து நிற்கும் என்று மாரித் சொன்னார். "நீயும் எங்களோடு நிற்பாய்" என்றார்.

ஆன்றோ அப்புறம் அதையே பேசிக்கொண்டிருந்தான். "கன்யாகுமரில சூரியன் உதிக்கதப் பாக்க எங்கெங்க இருந்தோ வாறாங்க. நான் பக்கத்துல இருந்துட்டு ஒரு நாளும் போய்ப் பாக்கல. அங்க போய்தான் பாக்கப் போறேன்" என்று சிரித்தான்.

சிரிக்கும்போது ஸ்டெல்லா ஜாடை.

ஆகஸ்ட் 15

மாதா திருவிழா. ஈவார் வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தான். இடுப்பில் நிற்காமல் ஆன்றோவின் பெல்ட்டைப் போட்டு இறுக்கினோம். பூசை முடிந்து வெளியே யாரோ அவனிடம் யார் வீட்டில் தங்கியிருக்கிறாய் என்று கேட்டார்கள். அவன் என்னைக் காட்டி, தமிழில், "இது என் அப்பா" என்றான். தனிஸ்லாஸ் என்ற என் பெயர் அவன் வாயில் நுழையவில்லை என்பதால் அப்பா என்றே கூப்பிடப் பழகிவிட்டான். ஆன்றோவைவிட அதிகம் கூப்பிடுகிறான்.

மாலையில் சொத்தவிளைக் கடற்கரைக்குப் போனோம். பிள்ளைகள் அலையில் நிற்க, நான் செருப்புகளுக்குக் காவல் இருந்தேன்.

செப்டம்பர் 7

ஆன்றோவுக்கு பாஸ்போர்ட் வந்துவிட்டது. நாள் முழுவதும் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான்.

ஸ்டெல்லா பேசினாள். ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்திருக்கிறார்களாம். சரி என்றேன். இங்கே மீன் வரத்துக் குறைவு, மெடிக்கலில் பிரிட்ஜ் மாற்ற வேண்டும், இதையெல்லாம் சொன்னேன். அவளுக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

அக்டோபர் 5

இன்று கிழங்கும் மீன்கறியும். சாப்பிடும்போது ஈவார் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னான். அண்ணனும் இதே மாதிரி ஒரு திட்டத்தில் பதினேழு வயதில் நியூசிலாந்துக்குப் போனானாம். ஒரு வருஷத்துக்குத்தான் போனான். திரும்பி வந்து, பிறகு படிக்க மறுபடி போய், அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம். இப்போது ஒரு பெண் குழந்தை இருக்கிறதாம். மாரித் பேத்தியைத் தூக்கியது ஒரே ஒரு முறை.

"உங்க அம்மாவுக்கு வருத்தம் இல்லையா?" என்று கேட்டேன்.

ஈவார் யோசித்துவிட்டு, "இருக்கு. ஆனா அண்ணா சந்தோஷமா இருக்கு" என்றான். அவனுக்குத் தமிழில் அவ்வளவுதான் வரும்.

ஆன்றோ கேட்டுக்கொண்டே கிழங்கைப் பிசைந்தான். நியூசிலாந்து எங்கே இருக்கிறது, அங்கே என்ன படித்தான், எப்படி இடம் கிடைத்தது என்று வரிசையாகக் கேள்விகள்.

ஸ்டெல்லாவும் இரண்டு வருஷம் என்றுதான் போனாள். அப்போது ஆன்றோ இரண்டாம் வகுப்பு. இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. கறியில் புளி கொஞ்சம் தூக்கல்.

அக்டோபர் 6

ஜனவரியில் அந்த ஊரில் குளிர் எப்படி என்று பார்த்தேன். ஆன்றோவுக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது. குளிர்காற்று ஆகாது. இதை முன்பே யோசித்திருக்க வேண்டும்.

அக்டோபர் 8

வீசிங் விஷயத்தை ஆன்றோவிடம் சொன்னேன். "இன்ஹேலர் எடுத்தே நாலு வருஷம் ஆச்சேப்பா. உங்க கடையில இருந்துதான வரும், உங்களுக்குத் தெரியாதா?" என்றான்.

உண்மைதான். ஆனாலும் உடம்பு விஷயம், நாலு வருஷத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது.

அக்டோபர் 19

மழை பிடித்துக்கொண்டது. காலாண்டுத் தேர்வு மார்க் வந்தது. இயற்பியலில் ஆன்றோவுக்குக் குறைந்திருக்கிறது. நார்வே பாஷை படித்துக்கொண்டிருந்தால் இயற்பியல் எப்படி ஏறும்? இரண்டு பேரும் மாடியில் உட்கார்ந்து கதவு, ஜன்னல், கரண்டி என்று ஒவ்வொன்றுக்கும் அந்தப் பாஷையில் பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

"ஆறு மாசம் பாடம் போனா ப்ளஸ் டூவுல தாங்குமா மக்ளே? டாக்டருக்குப் படிக்கணும்னா இப்பமே உக்காரணும்லா" என்றேன்.

"நான் டாக்டருக்குப் படிக்கப் போறேன்னு எப்பம் சொன்னேன்?"

"சொல்லல. ஒருவேள படிச்சா."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "நீங்கதான அப்பா கையெழுத்துப் போட்டீங்க. ஹெட்மாஸ்டர்ட்ட நீங்கதான பேசுனீங்க. இப்பம் என்ன?"

"ஒண்ணும் இல்ல. கேட்டேன்."

"நான் திரும்பி வந்து எல்லாம் படிச்சிருவேன். சத்தியமா."

நான் திரும்பி வருவாயா என்று கேட்கவில்லை. இயற்பியலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

அக்டோபர் 27

ஸ்டெல்லா ஆன்றோவுக்கென்று ஒரு ஜாக்கெட் வாங்கி, ஊருக்கு வந்த கூட்டாளி நர்ஸிடம் கொடுத்துவிட்டிருக்கிறாள். அந்த வெயில் ஊரில் இவ்வளவு கனமான ஜாக்கெட்டை எங்கே தேடிப் பிடித்தாளோ. ஆன்றோ அதைப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்து காட்டினான். வியர்த்துக் கொட்டியது, கழற்ற மாட்டேன் என்றான். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

நவம்பர் 8

வேதநாயகி மேடம் போன் செய்தார். விசாவுக்கு அனுப்பும் முன் பெற்றோரிடம் கடைசியாக ஒருமுறை உறுதி கேட்பது அவர்கள் வழக்கம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"ஆன்றோ ரெடியா சார்? ஈவார் வீட்டுல ரொம்ப ஆவலா இருக்காங்க."

வீசிங் இருந்தது என்றேன். டாக்டர் சான்றிதழ் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். படிப்பு என்றேன். அதைத் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்வார் என்றார். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. கடையில் ஆள் நின்றது. மழைச் சத்தம் வேறு.

"சார், உங்களுக்கு அனுப்ப மனசு இல்லையா?" என்று கேட்டார். நேராகக் கேட்டுவிட்டார்.

"எனக்கு என்ன மேடம். பையனுக்குத்தான் விருப்பமில்ல. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தயங்குறான்" என்றேன்.

"அப்படியா? நேர்காணல்ல அவன் பேசுனதை நான் இன்னைக்கு வரைக்கும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன் சார். சரி, பிள்ளைங்க மனசு மாறும். கட்டாயப்படுத்தக் கூடாது. நான் அவன்கிட்ட ஒரு வார்த்த பேசட்டுமா?"

"வேண்டாம் மேடம். ஏற்கெனவே கூச்சப்படுறான்."

சரி என்று வைத்துவிட்டார். நின்றவருக்கு இருமல் மருந்து எடுத்துக் கொடுத்தேன். மீதிச் சில்லறை கொடுக்க மறந்து, அவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

நவம்பர் 9

மழை. காய்ச்சல் சீசன். கடையில் கூட்டம்.

நவம்பர் 13

ஆன்றோவிடம் சொல்லாமல் இருக்க முடியாது. விசா எப்போது, விசா எப்போது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். இந்த வருஷம் அவர்கள் இடத்தைக் குறைத்துவிட்டார்கள், நம் பெயர் விடுபட்டுவிட்டது என்று சொன்னேன். சொல்லும்போது அவன் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். நிறுத்தவில்லை. டயர் கல்லு மாதிரி ஆகும் வரை அடித்தான்.

"யாரு சொன்னது?"

"வேதநாயகி மேடம்."

"நான் வேணும்னா பேசிப் பாக்கவா?"

"பிரயோஜனம் இல்ல மக்ளே. நான் எவ்வளவோ பேசிட்டேன்."

"செரி" என்றான். பம்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். ரொம்ப நேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

ஈவார் நம்பவில்லை. அம்மாவிடம் கேட்கிறேன் என்றான். அவர்கள் வீட்டுக்கும் இன்னும் தகவல் வராமல் இருக்கலாம், கொஞ்சம் பொறு என்று சொல்லி வைத்தேன்.

நவம்பர் 16

வேதநாயகி மேடம் அங்கே தகவல் சொல்லியிருக்கிறார்.

காலையில் பூசைக்குப் போய் வந்து ஆப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஈவாரின் போனில் மாரித் வந்தார். ஈவார் போனை டம்ளரில் சாய்த்து வைத்தான், எல்லோரும் தெரியும்படி. மாரித் ஆன்றோவைத்தான் முதலில் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். நீ எங்களிடம் வர விரும்பவில்லை என்று சொன்னார்களே, உண்மையா? நாங்கள் ஏதாவது தவறாகப் பேசிவிட்டோமா? இருட்டைப் பற்றி ரொம்பச் சொல்லி உன்னைப் பயமுறுத்திவிட்டேனா?

ஈவார் ஆன்றோவைத் திரும்பிப் பார்த்தான். ஆன்றோ என்னைப் பார்த்தான்.

நான் ஆப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். தலை தூக்கினேன், அவன் பார்வை அங்கேயே இருந்தது. எல்லாம் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. அவன் கத்துவான், எழுந்து போவான், உண்மையைச் சொல்வான் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

ஆன்றோ போனின் பக்கம் திரும்பினான். "ஆமா. நான்தான் வேண்டாம்னு சொன்னேன். மன்னிச்சிருங்க. உங்க மேல ஒண்ணும் இல்ல. எனக்கு வீட்ட விட்டு வர முடியாதுன்னு தோணுச்சு" என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

மாரித் பரவாயில்லை கண்ணே என்கிற மாதிரி ஏதோ சொன்னார். ஈவார் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டான்.

நான் ஆப்பத்தைச் சாப்பிட்டு முடித்தேன்.

நவம்பர் 17

கடை திறந்ததும் முதல் வேலையாக வேதநாயகி மேடத்துக்குப் போன் செய்தேன். பையன் மனசு மாறிவிட்டான், போகிறேன் என்கிறான் என்றேன்.

"ஐயையோ சார். வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்த திண்டுக்கல் பொண்ணுக்கு இடத்தக் கொடுத்தாச்சே. வெள்ளிக்கிழமை சொன்னேன். அவங்க வீட்டுல எல்லாரும் சேர்ந்து அழுதுட்டாங்க. இப்ப போய் அத எப்படித் திரும்பக் கேப்பேன்?"

வேறு ஊர், வேறு நாடு ஏதாவது உண்டா என்று கேட்டேன். இந்த ஆண்டுக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்றார். அடுத்த ஆண்டுக்கு ஆன்றோவின் வயது தாண்டிவிடும்.

"பாவம் சார், சின்னப் பையன். அவன மட்டும் திட்டிராதீங்க" என்றார்.

நவம்பர் 23

ஸ்டெல்லாவிடம் இனியும் மறைக்க முடியாது. ஆன்றோவே சொன்னான். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"எனக்குத்தான் வேண்டாம்னு தோணுச்சும்மா. ஜாக்கெட் வேஸ்டாயிட்டு. யாருக்காவது குடுத்துருங்க."

ஸ்டெல்லா என்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். "என்னங்க, ஆசையா ஆசையா இருந்தானே. பயந்துட்டானோ?"

"இருக்கும்" என்றேன்.

"நான் பக்கத்துல இருந்திருந்தா தைரியம் சொல்லி அனுப்பியிருப்பேன். எல்லாம் என்னாலதான்" என்று அழுதாள். நான் அப்படியெல்லாம் இல்லை என்றேன். அது ஒன்றுதான் இன்று நான் சொன்ன உண்மை.

நவம்பர் 30

ஈவார் தன் மெத்தையை ஆன்றோவின் அறையிலிருந்து ஹாலுக்கு எடுத்து வந்துவிட்டான். வெக்கையாக இருக்கிறதாம். இந்த மழையில்.

டிசம்பர் 6

அவர்கள் இரண்டு பேரும் இப்போது தனித்தனியாகப் பள்ளிக்குப் போகிறார்கள். ஈவார் பஸ்ஸில், ஆன்றோ சைக்கிளில். லீலாக்கா என்னிடம் கேட்டார்: "பிள்ளைகளுக்குள்ள என்ன தம்பி? ஒருத்தன் முகத்த ஒருத்தன் பாக்க மாட்டக்கானுவளே."

பரீட்சை நேரம் அக்கா என்றேன்.

மாலையில் ஈவாரே கடைக்கு வந்தான். மாத்திரை எதுவும் வேண்டாம், பேச வேண்டும் என்றான். கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"அப்பா, ஆன்றோ எனக்கு ஏன் பொய் சொல்லுச்சு? தினம் வாறேன் வாறேன் சொல்லுச்சு. இடம் இல்லன்னு உங்களையும் சொல்ல வச்சுச்சு. என் வீடு பிடிக்காதுன்னா முதல்லயே சொல்லலாம். என் அம்மா அழுதாங்க."

உண்மை வாய் வரை வந்தது. அதற்குள் இரண்டு பேர் கடைக்குள் ஏறினார்கள். சீட்டை வாங்கிப் பார்த்து மருந்தை எடுத்தேன். அவர்கள் போன பிறகாவது சொல்லலாம் என்று திரும்பினேன். ஸ்டூலில் யாரும் இல்லை.

டிசம்பர் 13

ஆன்றோவின் அறைக்குப் போனேன். கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"எதுக்கு மக்ளே நீ அப்படிச் சொன்ன? உண்மையச் சொல்லியிருக்கலாம்லா?"

பேனாவைக் கீழே வைக்காமலே சொன்னான். "நீங்க ஒண்ணு சொல்லிட்டீங்க. நான் வேற சொன்னா, அவங்க முன்னால நீங்க பொய் சொன்ன ஆளாயிருவீங்க. அவன் உங்கள அப்பான்னுல்லா கூப்பிடுதான்."

"ஆனா அவன் இப்பம் உன்ன—"

"அவன் போயிருவான்லாப்பா. நாம ரெண்டு பேரும்தான இருக்கப் போறோம்."

எனக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. கட்டிலில் துவைத்த துணி குவிந்திருந்தது. நின்றுகொண்டே இருந்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 20

ஈவாரை வழியனுப்பிவிட்டு வந்தோம். லீலாக்கா நெத்திலிக் கருவாட்டைப் பொட்டலம் கட்டி, அதை நாலு பைக்குள் போட்டுக் கொடுத்தார். அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். காரில் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் ஈவார் உட்கார்ந்தான். பின்னால் நானும் ஆன்றோவும். வந்தபோது இருந்த பேச்சு எதுவும் இல்லை. டிரைவர் இரண்டு முறை ரேடியோ போட்டு இரண்டு முறையும் அவரே அணைத்தார்.

விமான நிலைய வாசலில் ஆன்றோ தள்ளுவண்டி எடுக்கப் போனான். அப்போதுதான் சொன்னேன். ஆங்கிலத்தில் தொடங்கி வராமல் தமிழில் சொன்னேன். அவனுக்குப் புரியும் சின்னச் சின்ன வார்த்தைகளில். ஆன்றோ பொய் சொல்லவில்லை. ஆன்றோவுக்கு உன் வீட்டுக்கு வர ஆசை. ரொம்ப ஆசை. நான்தான் போனில் பொய் சொன்னேன். ஆன்றோ என்னைக் காப்பாற்றினான்.

ஈவார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்கள் ரொம்ப வெளுத்த நீலம். ஏன் என்று கேட்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் கேட்கவில்லை. தோள்பையைத் தரையில் போட்டுவிட்டு, தள்ளுவண்டியோடு வந்துகொண்டிருந்த ஆன்றோவை நோக்கி ஓடினான். அவ்வளவு உயரமான பையன் குனிந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். வண்டி உருண்டு போய் யாரோ ஒருவரின் பெட்டியில் இடித்தது. என்னென்னவோ பேசினார்கள். எனக்குக் கேட்கும் தூரம் இல்லை.

உள்ளே போகும் முன் என்னிடம் வந்தான். நான் கட்டிப்பிடிக்கக் கை எடுத்தேன். அவன் கையை நீட்டி என் கையைக் குலுக்கினான்.

"தேங்க் யூ, சார்" என்றான்.

திரும்பும்போது ஆன்றோ முன்னால் உட்கார்ந்தான். பாறசாலை தாண்டியதும் திரும்பாமலே கேட்டான்.

"அவன்ட்ட சொல்லிட்டீங்களாப்பா?"

"சொல்லிட்டேன்."

"அம்மாட்ட சொல்லாதீங்க. அங்க தனியா இருக்காங்க. நீங்க ரெண்டு பேரும் சண்ட போட்டா அவங்களுக்குப் பேச ஆள் இல்ல."

ஜனவரி 4

பழைய டைரியின் வருஷம் முடிந்துவிட்டது. கடையில் புதியது வந்திருக்கிறது, அதில் எழுதுகிறேன். வீட்டில் வெளிநாட்டுப் பிள்ளை யாரும் இல்லை என்றாலும்.

ஜனவரி 17

ஈவார் ஆன்றோவுக்குப் படம் அனுப்பியிருக்கிறான். பனியில் ஊரே நிற்கிறது. எல்லோரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள். மலைக்கு மேலே ஒரு கீற்று வெளிச்சம். மாரித்துக்குப் பக்கத்தில், தொப்பிக்குள் முகம் பாதி மறைந்து, அந்தத் திண்டுக்கல் பெண். வாயைப் பிளந்து சிரிக்கிறாள்.

ஆன்றோ அதை எனக்கும் காட்டினான். மறைக்கவில்லை. "பாருங்கப்பா, எவ்ளோ சந்தோஷமா இருக்கா" என்றான். "அந்தா தெரியுதுல்லா, அது பள்ளிக்கூடம். அதுக்குப் பின்னால எறங்குனா படகுத் துறை. ஈவார் அப்பா வேலை பாக்க எடம் இந்த மஞ்சக் கட்டடம்." விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான். போய் வந்தவன் காட்டுவது போல இருந்தது.

நன்றாக இருக்கிறது மக்ளே என்றேன்.

ஜனவரி 25

இப்போதெல்லாம் பள்ளி விட்டதும் ஆன்றோ நேராகக் கடைக்கு வந்துவிடுகிறான். நான் கூப்பிடவில்லை. மருந்துப் பெட்டிகளைப் பிரித்து அடுக்குகிறான். ஆறு மணிக்கு எனக்கு டீ வாங்கி வருகிறான். கடைக்கு வருபவர்கள், "உங்களுக்கென்ன, தங்கமான பிள்ள. பக்கத்துலயே வச்சிருக்கீங்க" என்கிறார்கள். நான் தலையாட்டுகிறேன்.

இன்று ஞாயிறு. மதியம் சாப்பிடும்போது அவனிடம் சொன்னேன். கல்லூரியில் சேர்ந்த பிறகும் இந்த மாதிரித் திட்டங்கள் இருக்கின்றன, ஜெர்மனிக்கு, ஜப்பானுக்கு. மேடத்திடம் விசாரித்தேன். இந்த முறை அப்பா குறுக்கே வர மாட்டேன் என்றேன். இரண்டு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம்.

"வேண்டாம்ப்பா. நான் இங்க உள்ள காலேஜிலயே படிக்கேன்" என்றான். "நான் போனா நீங்க தனியா இருப்பீங்கல்லா."

தனியா. இத்தனை மாதமாக என்னைப் பற்றி நான் எங்கேயும் எழுதாத வார்த்தை. அவன் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னான். கோபத்தோடு சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். இரண்டு தட்டுகளையும் அவனே கழுவிவைத்துவிட்டு அறைக்குப் போனான்.

மூன்று மணிக்கு ஸ்டெல்லா பேசினாள்.

"பிள்ள எப்படி இருக்கான்?"

"இங்கதான் இருக்கான்" என்றேன்.

"எப்படி இருக்கான்னுல்லா கேட்டேன்" என்றாள்.